நீளம் குறைந்த புல் ஓடுபாதையில் சிறு விமானங்கள் ஏன் எல்லை தாண்டி ஓடுகின்றன?

பெரும்பாலும் பிரேக் காரணமல்ல, வேகம்தான். ஸ்டால் வேகத்தின் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) 1.3 மடங்கில் இறங்கி வர வேண்டிய விமானி, 'எதற்கும் இருக்கட்டும்' என்று சற்றுக் கூட்டி வருவார். தொடும்போது வேகம் 10 சதவீதம் கூடினாலே ஓடும் தூரம் ஏறக்குறைய 21 சதவீதம் கூடும். அதற்கு முன்பே விமானம் தரையைத் தொடாமல் மிதந்து பாதையைத் தின்றுவிடும். பொறுமையிழந்து மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதித் துள்ளும். அடுத்த துள்ளலில் புரொப்பெல்லரே மண்ணைக் கொத்தலாம்.

ஈரப்புல்லில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். உலர்ந்த தார்ப்பாதைக்கான தூரக் கணக்கோடு 35 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஒட்ட வெட்டிய ஈரப்புல்லுக்கு 60கூட ஆகலாம்.

தொட வேண்டிய இடத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அது தாண்டினால் யோசிக்காமல் முழு த்ராட்டில் (இன்ஜின் சக்தி) கொடுத்து மேலேறுங்கள். ஃபிளாப்பை (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் விரியும் மடலை) ஒரேயடியாக மடக்காமல் படிப்படியாக.