பந்திங்கிலிருந்து சில ஃபாயில் கேள்விகள்

அண்ணே, மோரிப் கடற்கரையில் விங் ஃபாயில் பழக ஆசை (விங் என்ற காற்றுச் சிறகைக் கையில் பிடித்து, அடியில் இறக்கை பூட்டிய போர்டில் தண்ணீருக்கு மேல் எழும்பிப் போவது). போர்டையும் அடியில் உள்ள இறக்கைகளையும் இணைக்கும் தண்டான மாஸ்ட், 85 சென்டிமீட்டர் அலுமினியத்தில் ஒன்று பழையதாக மலிவு விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

மோரிப் என்றால் கொஞ்சம் பொறுங்கள் தம்பி. 1945 செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ் படை அங்கே இறங்கியபோது, அடிமண் இளகலாக இருந்ததால் வண்டிகள் புதைந்து நின்றன. அந்தக் கடற்கரை இன்றும் அப்படித்தான். கடல் உள்வாங்கினால் வெகுதூரம் சேறுதான். மாஸ்டுக்குக் கீழே முன் இறக்கை வேறு தொங்குகிறது. அது சேற்றைத் தொட்டால் போர்ட் அப்படியே நிற்கும், நீங்கள் மட்டும் பறப்பீர்கள்.

பழகுவதற்கு 70, 75 போதும். விழுந்தாலும் உயரம் குறைவு. எந்த மாஸ்டானாலும், தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து, மார்பளவு ஆழம் வந்த பிறகு ஏறுங்கள்.

85-ஐக் குப்பை என்று சொல்லவில்லை. மழைக்காலக் காற்றுக்கு குவாந்தான் பக்கம் பாலோக் போகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். அலை புரளும் இடத்தில் மாஸ்ட் குட்டையாக இருந்தால் முன் இறக்கையின் நுனி வெளியே வந்து காற்றை உறிஞ்சிவிடும். தூக்கு விசை சட்டென்று போய்விடும், போர்ட் தொப்பென்று விழும். செம்பனை குலை அறுக்கும் கம்பு மாதிரிதான். உயர மரத்துக்கு நீளக் கம்பு வேண்டும், ஆனால் நீளம் கூடினால் கம்பு ஆடும். அலுமினிய மாஸ்டும் அப்படியே.

போர்ட் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகிறது அண்ணா. முன்கால் வலியே வந்துவிட்டது.

எப்போது தூக்குகிறது என்று முதலில் கவனியுங்கள் தங்கச்சி. மெதுவாகப் போகும்போதும் தூக்கினால் மாஸ்டை, போர்டின் அடியில் அது பூட்டியிருக்கும் ட்ராக்கில் 1 சென்டிமீட்டர் பின்னால் தள்ளுங்கள். பழைய இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். எழும்பவே மாட்டேன் என்றால் முன்னால் கொண்டுவாருங்கள்.

வேகம் பிடித்த பிறகுதான் தொல்லை என்றால் பின் இறக்கையைப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பின் இறக்கை வாலைக் கீழே அழுத்தும் கோணம் அதிகமாக இருந்தால் மூக்கு மேலே போகும். அரை டிகிரி ஷிம் (மெல்லிய ஆப்புத் தகடு) வைத்து அந்தக் கோணத்தைக் குறையுங்கள். அரை டிகிரியே காலில் நன்றாகத் தெரியும். ஷிம் எந்தப் பக்கம் வரும் என்பது பின் இறக்கை மேலே பூட்டியதா கீழே பூட்டியதா என்பதைப் பொறுத்தது. கண்ணால் கோணத்தைப் பார்த்து வையுங்கள். மாஸ்டையும் ஷிம்மையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாது.

ஸ்க்ரூ கழல மாட்டேன் என்கிறது.

உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். நானும் ஒரு மாதம் பூட்டியபடியே வைத்து, ஒரு ஸ்க்ரூவின் தலையை உடைத்தவன்தான். ஒவ்வொரு முறையும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, மரைக்குக் கடல் கிரீஸ் தடவுங்கள். இப்போது இறுகியதற்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஸ்க்ரூ சாவியை முழுசாக உள்ளே இறக்கிய பிறகு திருகுங்கள்.

கார்பன் மாஸ்ட் வாங்கட்டுமா?

இப்போது வேண்டாம். அந்தக் காசில் இன்னொரு விங் வாங்குங்கள்.