கடற்கரையை ஆராய்ந்தால் சோறு கிடைக்குமா?

ஹோட்டல் நிர்வாகம் வேண்டாம், பருவநிலை மாற்றமும் நிலைத்த சுற்றுலாவும்தான் ஆராயப்போகிறேன் என்று மகள் பிடிவாதம் பிடிப்பதாக மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதியிருக்கிறீர்கள், அம்மா. உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் பட்டத்தின் பெயரைப் பார்த்து இந்தத் துறையில் வேலை தருவதில்லை. அளக்கத் தெரிந்த ஆளா என்றுதான் பார்ப்பார்கள்.

மொரீஷியஸில் கடலோரம் ஹோட்டல் கட்டச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு சட்டப்படி வேண்டும். அந்த அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில்தான் முதல் வேலையைத் தேட வேண்டும். அரசுத் துறைகளும் ஹோட்டல் குழுமங்களும் அதற்கடுத்து.

பள்ளி இறுதித் தேர்வான ஹெச்எஸ்சியில் புவியியலையும் கணிதத்தையும் விடவேண்டாம். 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை, ரெதுயியிலுள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம். புள்ளியியலும், வரைபடத் தரவுகளைக் கணினியில் ஆராயும் ஜிஐஎஸ்ஸும் அப்போதே கைக்கு வந்துவிட வேண்டும்.

பலர் சறுக்குவது ஆய்வுத் தலைப்பில். ‘மொரீஷியஸ் சுற்றுலாவும் பருவநிலையும்’ என்று எடுத்தால் கரை சேராது. ஃப்லிக் ஆன் ஃப்லாக் கடற்கரை எவ்வளவு அரித்தது என்ற ஒரே கேள்வி போதும். அதிலும் பொறி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் தரையில் 10 மீட்டர் அகலம். 20க்கு 1 சரிவுள்ள மணலில் கடல்மட்டம் அரை மீட்டர் ஏறினாலே நீர்க்கோடு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஓதத்தை, அதாவது கடலின் அன்றாட ஏற்ற இறக்கத்தை, அரிப்பென்று எழுதி மாட்டிக்கொள்வது இப்படித்தான். நீர்க்கோட்டை விட்டுவிட்டு ஃபிலாவோ (சவுக்கு) மரங்களின் ஓரத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதத்துப் படத்தை எடுக்க வேண்டும். புயல் அடித்த மறுவாரத்துப் படம் கூடவே கூடாது.

பயணிகள் எண்ணிக்கையை எடுத்தால், 2020 மார்ச்சில் எல்லை மூடி 2021 அக்டோபரில்தான் முழுதாகத் திறந்தது நினைவிருக்கட்டும். அந்த மாதங்களை அடிப்படையாக வைத்தால் எதுவும் ‘அமோக வளர்ச்சி’தான்.

கேள்வித்தாளுக்குப் போதுமான மாதிரி 384 பேர் என்பது ஆய்வேடுகளில் மந்திரம்போல வரும் எண். குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களுக்கே அது பொருந்தும். ஒரே ஹோட்டல் வாசலில் நின்று பிடித்தவர்களுக்குப் பொருந்தாது. ‘பவளப்பாறையைக் காக்கக் கூடுதலாகப் பணம் தருவீர்களா?’ என்றால் எல்லாரும் தருவேன் என்பார்கள். பணப்பையைத் திறக்கும்போது கதை வேறு. மீனவர்களையும் ஹோட்டல் ஊழியர்களையும் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டால்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். உங்கள் மகளுக்கு அது வீட்டிலேயே கிடைத்த மூலதனம்.

முனைவர் பட்டத்துக்கு 3, 4 ஆண்டு ஆகும். உதவித்தொகை உறுதியாகாமல் சேர விடாதீர்கள். மின் பயன்பாட்டுக் கணக்கு தருகிறேன் என்று ஒரு ஹோட்டல் மேலாளர் வாயால் சொன்னதை நம்பித் தலைப்பைப் பதிவு செய்யவும் வேண்டாம். அவர் மாற்றலாகிப் போனால் புதிதாக வருபவர் கையை விரித்துவிடுவார். எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.