நோனி பாட்டிலும் நாவல் கொட்டையும்

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. ரொம்ப வருடமாகச் சர்க்கரை. சொந்தக்காரர் ஒருவர் நோனி ஜூஸ் பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். விலை 1,200 ரூபாய். காலையும் இரவும் 30 மில்லி குடித்தால் மூன்று மாதத்தில் மாத்திரையே தேவைப்படாது என்கிறார். மாமனாரும் இப்போதே மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருப்பதால் இளநீர் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த ஜூஸைக் கொடுக்கலாமா? - வாசகி, விருதுநகர்

பதில்: வேண்டாம் அம்மா. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டாக்டர் இளநீரை நிறுத்தியது அதில் உள்ள பொட்டாசியத்துக்காக. நோனிச் சாற்றிலும் அது தாராளமாக உண்டு, கிட்டத்தட்ட ஆரஞ்சுச் சாற்றின் அளவுக்கு. சிறுநீரகம் தளர்ந்த ஒருவருக்கு நோனி குடித்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிப்போன விவரம் 2000-லேயே மருத்துவ இதழில் வந்திருக்கிறது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

நம் கரிசல் காட்டு மஞ்சணத்திக்கு நெருங்கிய சொந்தம்தான் இந்த நோனி. மஞ்சணத்திப் பழத்தைப் பொறுக்கித் தின்ற பிள்ளைகளிடம் யாரும் 1,200 ரூபாய் கேட்டதில்லை!

மருந்தாளுநராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட பாட்டில்களைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். நான் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். முன்னால் பளபளவென்று பழத்தின் படம். பின்னால் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று இருக்கும். உணவுத் துணைப்பொருள் என்று விற்றால் அப்படி அச்சிட்டே ஆக வேண்டும். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அதனால்தான் அந்த வாக்குறுதி பாட்டிலில் இருக்காது, உங்கள் சொந்தக்காரர் வாயில் மட்டும் இருக்கும்.

'குடித்ததும் சர்க்கரை இறங்கியதே' என்று சாட்சி சொல்பவர்களும் உண்டு. அவர்களிடம் நிதானமாக விசாரித்தால், பாட்டிலோடு சேர்த்து நடைப்பயிற்சி, இரவில் சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி, டீயில் சர்க்கரை நிறுத்தம் எல்லாம் தொடங்கியிருப்பார்கள். நடந்தது கால், பெயர் வாங்கியது பாட்டில். இன்னொரு வகையும் இருக்கிறது. மூலிகை, பழப்பொடி என்று விற்றவற்றைச் சோதித்தபோது, சர்க்கரைக்கான ஆங்கில மாத்திரையே லேபிளில் சொல்லாமல் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். ஒரு பொடி கண்மூடித் திறப்பதற்குள் சர்க்கரையைத் தள்ளிவிட்டால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

முதல் வேலையாக, மாத்திரையைப் பழைய அளவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். எத்தனை நாள் பாதியாகச் சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். சொந்தக்காரர் மனம் நோகும் என்றால், 'கிட்னிக்கு ஆகாதாம், டாக்டர் திட்டினார்' என்று பழியை எங்கள் பக்கம் போட்டுவிடுங்கள். மருத்துவத் துறைக்கு இது புதிதல்ல.

கேள்வி: வீட்டிலேயே நாவல் கொட்டையைக் காயவைத்து இடித்துப் பொடியாக வைத்திருக்கிறேன். சர்க்கரைக்காகக் கிளிமிபிரைடு மாத்திரையும் சாப்பிடுகிறேன். இரண்டும் சேரலாமா? - வாசகர், மன்னார்குடி

பதில்: பொடியைப் பற்றி எனக்குப் பகை எதுவும் இல்லை. சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக இருப்பது. செடியிலிருந்து மருந்து வராது என்றும் சொல்ல மாட்டேன். ஆப்பிள் மரப்பட்டையில் 1835-இல் கண்டெடுத்த புளோரிசின் என்ற பொருளிலிருந்து வளர்ந்ததுதான் சர்க்கரை நோய்க்கு இன்று கொடுக்கும் டபாகிளிஃப்ளோசின் மாத்திரை. ஆனால் அந்த மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் இருக்கிறது. உங்கள் டப்பாவில் யாருக்குத் தெரியும்?

கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே தள்ளுகிற மருந்து. சாப்பாடு தாமதமானாலே சர்க்கரையை இறக்கிவிடும். பொடியும் தன் பங்குக்கு இறக்கினால் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வரும். மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அளவைச் சித்த மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரை எழுதிய டாக்டரிடமும் பொடி சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்புறம், மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: பலாக்காய் மாவு சர்க்கரைக்கு நல்லது என்கிறார்களே? - வாசகி, பண்ருட்டி

பதில்: பலாவுக்குப் பேர் போன ஊரிலிருந்து கேட்கிறீர்கள்! காய்க்குத்தான் இந்தப் பேச்சு, பழத்துக்கு இல்லை. ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 40 பேரைப் பிரித்து ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 30 கிராம் மாவு, 12 வாரம் கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி கொஞ்சம் இறங்கியது. சிறிய ஆய்வுதான். அங்கே அரிசி, கோதுமையில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் இந்த மாவைச் சேர்த்தார்கள். வழக்கமான ஐந்து இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு டம்ளர் பலா மாவுக் கஞ்சி குடித்தால் அது கூடுதல் சாப்பாடு. இட்லி மாவில் கலப்பதானால், அந்த அளவுக்கு அரிசியைக் குறைத்து ஊறப்போடுங்கள்.