புள்ளிக் கணக்கு புது முறைக்கு மாறும்போது: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கைப்பட்டாணி வட்டாரத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைப் பேசின: உயர்கல்விக் கூடங்களில் பாடப் புள்ளிக் கணக்கு எக்செல் தாளிலிருந்து இணைய முறைக்கு மாறுகிறது. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

கே: அடுத்த செமஸ்டரிலிருந்து மூடுல் (Moodle) என்ற இணையக் கற்றல் மென்பொருளில்தான் புள்ளி பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?
(பகுதிநேர விரிவுரையாளர், சுங்கைப்பட்டாணி)

கணினியைத் திறக்கும் முன் பாடத்திட்டத் தாளை எடுங்கள். எந்த மதிப்பீட்டுக்கு எத்தனை விழுக்காடு, எந்த இடத்தில் முழு எண்ணாக்குவது, வராதவருக்குப் பூஜ்யமா விலக்கா, கிரேடு எல்லை எது என்ற நான்கையும் எழுதித் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றை யாரும் முடிவு செய்யாமல் விட்டதால் வருபவை.

அடுத்து, கூட்டல் முறை. மூடுலில் 'நேச்சுரல்' என்ற முறையை அப்படியே விட்டால், ஒவ்வொரு மதிப்பீட்டின் முழுப்புள்ளி எவ்வளவோ அதற்கேற்ப எடை போட்டுக்கொள்ளும். குவிஸ் 20 புள்ளிக்கு, இடுபணி 100 புள்ளிக்கு, இறுதித் தேர்வு 80 புள்ளிக்கு வைத்தால் எடை 10, 50, 40 விழுக்காடு ஆகிவிடும். உங்கள் தாளில் 20, 20, 60 என்று இருந்தாலும் அதற்குத் தெரியாது. எடைகளைக் கையால் மாற்றுங்கள், அல்லது 'வெயிட்டட் மீன்' முறைக்குப் போய் எடையைப் பதியுங்கள்.

மூன்றாவது, கிரேடு எல்லை. மூடுலோடு வரும் எல்லையில் 93க்கு ஏ, 90க்கு ஏ மைனஸ், 80க்கு பி மைனஸ். நம் நாட்டில் பல உயர்கல்விக் கூடங்களில் 80க்கே ஏ உண்டு. மாற்ற மறந்தால் 82 எடுத்த மாணவர் பி மைனஸைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்க மாட்டார்.

பிறகு, பொய் மாணவர்கள் பத்துப் பேரை உருவாக்கிப் பாருங்கள்: முழுப்புள்ளி, முழுப் பூஜ்யம், 79.4, 79.5, 79.6, ஒரு தேர்வுக்கு வராதவர், இடுபணி தராதவர், மருத்துவ விடுப்பு, தாமதமாகச் சேர்ந்தவர், பாடத்தை மறுமுறை எடுப்பவர். ஒவ்வொருவருக்கும் விடையைக் கையால் போட்டுத் திரையோடு ஒப்பிடுங்கள். முதல் செமஸ்டர் முழுக்கப் பழைய எக்செல் தாளையும் கூடவே ஓட்டுங்கள். வேலை இரட்டிப்புதான். ஆனாலும் இதைத் தவிர்க்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கே: இடுபணியே தராத மாணவருக்கு மொத்தம் 65 காட்டுகிறது. எங்கள் கணக்கில் 52தான் வருகிறது. எது சரி?
(விரிவுரையாளர், கூலிம்)

உங்கள் 52தான் சரி. நீங்கள் அனுப்பிய வரிசையைப் பாருங்கள்: முதல் சோதனை 20க்கு 14, இடுபணி வெற்று, இரண்டாம் சோதனை 20க்கு 12, இறுதித் தேர்வு 40க்கு 26. கூட்டினால் 52. ஆனால் 'எக்ஸ்குளூட் எம்டி கிரேட்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருப்பதால், வெற்றிடத்தை மூடுல் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 80க்கு 52 என்று எடுத்துக்கொண்டு 65 விழுக்காடு என்கிறது. இடுபணி தந்து 20க்கு 10 வாங்கிய இன்னொருவர் மற்றதில் இதே புள்ளி எடுத்திருந்தால் அவருக்கு 62தான். உழைத்த பிள்ளை கீழே போய்விடுகிறார்.

அதற்காக முதல் வாரமே டிக்கை எடுத்துவிடாதீர்கள். முதல் சோதனை முடிந்ததும் எல்லாருக்கும் மொத்தம் 14, 15 என்று தெரியும், மாணவர்கள் பதறிப்போவார்கள். செமஸ்டர் நடக்கும்போது டிக் இருக்கட்டும். ஒவ்வொரு கெடு முடிந்ததும் தராதவர் கட்டத்தில் 0 என்றே பதியுங்கள்; 'சிங்கிள் வியூ' பக்கத்தில் 'பல்க் இன்செர்ட்' வழியாக வெற்றுக் கட்டங்களுக்கு மட்டும் ஒரே தடவையில் போடலாம். மருத்துவச் சான்று தந்தவரைப் பட்டியலில் பார்த்து, அவருடைய கட்டத்தை மட்டும் 'எக்ஸ்குளூட்' செய்யுங்கள். வெற்றிடமும் பூஜ்யமும் வேறுவேறு என்பதை உடன் பதியும் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

கே: 64.5 எடுத்த ஒரு மாணவருக்குப் பழைய தாளில் 65, புது முறையில் 64. 65க்குத்தான் பி. யார் செய்த தவறு?
(தேர்வுப் பிரிவு ஊழியர், சுங்கைப்பட்டாணி)

இரண்டும் தத்தம் விதிப்படியே நடந்திருக்கின்றன. எக்செலின் ரவுண்ட் சூத்திரம் பாதியை எப்போதும் மேலே தள்ளும், 64.5 அதில் 65. பைத்தான் மொழியில் எழுதிய மென்பொருள் என்றால், அதன் ரவுண்ட் கட்டளை பாதியை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். 64.5 அதில் 64, ஆனால் 65.5 என்றால் 66. மென்பொருள் எழுதியவரிடம் இந்த இரண்டு எண்களைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். திரையில் 64.5 என்று தெரிவது உள்ளே 64.46 ஆக இருக்கலாம், கட்டம் ஒரு தசமம் மட்டும் காட்டுவதால் அப்படித் தெரியும். அதைப் பார்த்துக் கையால் 65 போட்டால் இரண்டு முறை முழு எண்ணாக்கிவிட்டீர்கள். முழு எண்ணாக்குவது கடைசி மொத்தத்தில் ஒரே ஒரு முறைதான். ஒவ்வொரு மதிப்பீட்டிலும் செய்தால், மூன்று இடத்தில் அரைப் புள்ளி சேர்ந்து ஒருவருக்கு மட்டும் ஒன்றரைப் புள்ளி கூடிவிடும்.

கே: மாணவர் பட்டியலை ஏற்றும்போது பாதிப் பேர் 'இல்லை' என்று வருகிறது. சென்ற தலைமுறை மாணவர்களுக்கு இப்படி நடந்ததில்லை.
(அலுவலகக் குமாஸ்தா, பீடோங்)

அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பொருத்துகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு அது 00 முதல் 09. சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) எக்செலில் இரண்டு முறை தட்டித் திறந்தால், அது எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விழுங்கிவிடும். 12 இலக்கம் 11 ஆகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிறது. 98, 99 என்று தொடங்கிய பழைய மாணவர்களிடம் இது தெரியாமல் போனது அதனால்தான். கோப்பை நேரடியாகத் திறக்காமல், எக்செலின் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். கல்லூரி தரும் மெட்ரிக் எண்ணால் பொருத்துவது இன்னும் நல்லது.

பெயரைக் கொண்டு பொருத்தவே வேண்டாம். மகன் என்று குறிக்கப் பெயருக்கு நடுவே வரும் 'A/L' ஓரிடத்தில் பெரிய எழுத்தில், ஓரிடத்தில் சிறிய எழுத்தில், இன்னோரிடத்தில் இடைவெளியோடு இருக்கும். அந்தச் சாய்கோட்டை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது என்பதால், மாணவர் பெயரிலேயே விடைத்தாளைச் சேமிக்கும் முறைகளும் நம் பிள்ளைகளிடம்தான் முதலில் தடுக்கும்.

கே: மகளுக்குக் கிரேடு சராசரி முதல் செமஸ்டரில் 3.17, இரண்டாவதில் 2.50. சராசரி 2.84 வர வேண்டும். புது முறை 2.77 காட்டுகிறது. பிள்ளைக்குக் குறைத்துவிட்டார்களா?
(ஒரு தாயார், பீடோங் அருகே ஒரு தோட்டம்)

இல்லை அம்மா, இந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. இரண்டு செமஸ்டரின் கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் எண்) வேறுபடுவதால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்க முடியாது. முதல் செமஸ்டரில் 3 கிரெடிட்டில் ஏ மைனஸ் (3.67), 4 கிரெடிட்டில் பி (3.00), 3 கிரெடிட்டில் சி பிளஸ் (2.33), 2 கிரெடிட்டில் ஏ (4.00). பெருக்கினால் 11.01, 12, 6.99, 8, மொத்தம் 38. அதை 12 கிரெடிட்டால் வகுத்தால் 3.17. இரண்டாம் செமஸ்டரில் 18 கிரெடிட், 2.50 வீதம் 45. ஆக 83ஐ 30ஆல் வகுக்க 2.77. அதிகப் பாடம் எடுத்த செமஸ்டர் குறைவாக அமைந்ததால் அது கீழே இழுக்கிறது.

பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்விக் கடன் நிதி) கடன் வாங்கியிருந்தால், ஒவ்வொரு செமஸ்டரின் பிஎன்ஜியும் (அந்த செமஸ்டரின் கிரேடு சராசரி) 2.00க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகளிடம் கிரெடிட் எண்ணோடு கூடிய பட்டியலைக் கேட்டு, மேலே உள்ளபடி நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.