கண்டெடுத்த பொருளா? எங்கே கண்டெடுத்தாய்?

கேள்வி: நான் நுண்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவி. பதிப்போவியத் துறை. அடுத்த வாரம் எங்கள் வகுப்பின் இறுதியாண்டுக் கண்காட்சி. 23 பேர் கலந்துகொள்கிறோம். ஓவியம், சுடுமண், வீடியோ, நிகழ்த்துகலை, இன்ஸ்டலேஷன் என்று எல்லாம் உண்டு. என்னுடையது 12 வெள்ளை வேட்டிகளில் சூடான இஸ்திரிப்பெட்டியை அழுத்தி எடுத்த கருகல் பதிப்புகள். நடுவில் ஒரு பீடம் (கண்டெடுத்த பொருள்: பித்தளை இஸ்திரிப்பெட்டி), பின்னணியில் கரி விசிறும் சத்தமும் ஓர் ஆணின் இருமலும். என் அப்பா தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர். முதல் நாளே கடையை மூடிவிட்டு, சித்தப்பா குடும்பத்தோடு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். இரண்டாம் ஆண்டு காட்சிக்கு வந்தபோது எங்கள் பேராசிரியரிடமே, "இதையெல்லாம் யார் சார் வாங்குவாங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். திறப்பு விழாவுக்கு கேலரிக்காரர்கள் வருகிறார்கள். அப்பா மனம் புண்படாமல், அவரை மூன்றாம் நாள் வரச் சொல்வது எப்படி?

ஊர், பெயர் வேண்டாம்.

பதில்: உனக்கு என் பேத்தி வயது. ஒருமையில்தான் எழுதுவேன், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்ள வேறு விஷயங்கள் கீழே வருகின்றன.

அப்பாவை, அம்மாவை நாலு பேர் முன்னால் காட்டக் கூச்சமாக இருக்கிறது என்று எனக்கு ஆண்டு தவறாமல் கடிதம் வரும். பட்டமளிப்பு விழா, பெண் பார்க்கும் நாள், ஆபீஸ் விருந்து என்று இடம்தான் மாறும். "இந்த வயதில் இதெல்லாம் சகஜம்" என்று எழுதினால் உனக்கும் நிம்மதி, எனக்கும் வேலை மிச்சம். எனக்கு அது வராது. மூன்றாம் நாள் வரச் சொல்ல நாசூக்கான வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த அடைப்புக்குறியில்தான் போய் நின்றேன். கண்டெடுத்த பொருள். எங்கே அம்மா கண்டெடுத்தாய்? ரோட்டோரத்திலா, காயலான் கடையிலா? அது யாருடைய பெட்டி என்று கடிதம் முழுக்க ஓரிடத்திலும் நீ சொல்லவில்லை. துணி தேய்ப்பவரின் மகள் பித்தளை இஸ்திரிப்பெட்டியை எங்கிருந்து எடுத்திருப்பாள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. இப்போது நிறைய வண்டிகளில் கேஸ் பெட்டி வந்துவிட்டது. உன் அப்பாவும் மாறியிருப்பார். பழைய கரிப்பெட்டி கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ கிடந்திருக்கும். எடைக்குப் போட்டால் காசு வரும் என்று தெரிந்தும் போடாமல் வைத்திருந்திருக்கிறார். ஒருவர் போடாமல் வைத்திருந்த பொருளை, கண்டெடுத்த பொருள் என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

கிடைத்த சாதாரணப் பொருளைப் படைப்பாக வைத்தால் கலைப் பாஷையில் அப்படித்தான் எழுதுவோம் என்பாய். தெரியும். மார்செல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1917இல் நியூயார்க்கில் ஒரு சிறுநீர்க் கலத்தைக் கலை என்று காட்சிக்கு அனுப்பிய காலத்திலிருந்தே அந்தப் பாஷை நடக்கிறது. அந்த மனிதர் எடுத்தது ஓர் ஆலையில் வார்த்த சரக்கை. யார் கையும் படாதது. யார் வயிற்றையும் கழுவாதது. அதனால்தான் 'ஆர். மட்' என்று ஒரு பொய்ப்பெயரை அதில் எழுத முடிந்தது. உன் பீடத்தில் இருக்கும் பெட்டியின் கைப்பிடியைப் பார். கட்டை தேய்ந்து விரல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். அது யார் விரல்?

இன்னொரு கலைஞரைச் சொல்கிறேன். உன் பேராசிரியர்கள் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்த வில்லி கோல். கறுப்பினத்தவர். இஸ்திரிப்பெட்டியைத் துணியிலும் காகிதத்திலும் அழுத்திக் கருக்கியே பேர் வாங்கியவர். 1997இல் அவர் செய்த பெரிய மரச்செதுக்குப் பதிப்பு ஒன்று உண்டு. நடுவில் துணி தேய்க்கும் பலகையின் அச்சு, சுற்றிலும் இஸ்திரிப்பெட்டி அடிப்பாகங்களின் அச்சு. தள்ளி நின்று பார்த்தால் அடிமைகளை அடுக்கி ஏற்றி வந்த கப்பலின் வரைபடம். அவருடைய பாட்டியும் கொள்ளுப்பாட்டியும் பிறர் வீடுகளில் வேலை செய்தவர்கள். அதை அவர் மறைக்கவில்லை. அந்தக் கருகலுக்குக் கனம் கொடுப்பதே அந்த இரண்டு கிழவிகள்தான். உன்னுடையதில் அந்த இடத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது.

அடுத்து அந்த இருமல். 'ஓர் ஆணின் இருமல்' என்று எழுதியிருக்கிறாய். அதையும் கண்டெடுத்தாயா? ராத்திரி செல்போனைத் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்திருப்பாய். பின்னணி இரைச்சலை நீக்கி, சுற்றிச் சுற்றி ஒலிக்கும்படி கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியிருப்பாய். அத்தனை முறை கேட்ட பிள்ளை, ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாயா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளி பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். கரிப்புகையில் நின்ற நுரையீரல் வேறு. கண்காட்சிக்கு முன்னால் ஒரு காலை நேரம் அவரோடு போய் வரிசையில் நில். இது யோசனை இல்லை, கட்டளை. அந்த இருமலை ஊரார் கேட்கலாமா என்று அவரிடம் கேட்டு, சரி என்றால் மட்டும் ஒலிக்க விடு. வேண்டாம் என்றால் எடுத்துவிடு. கரி விசிறும் சத்தம் போதும்.

நான் பழைய ஆள். பிள்ளை படித்து மேலே வந்தால் வீட்டையே தூக்கிச் சுமக்க வேண்டும் என்று சொல்கிற அளவுக்குப் பழைய ஆள் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து எடுத்தால் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். சம்பளமானாலும் சரி, கதையானாலும் சரி, இருமலானாலும் சரி. எடுத்துக்கொள்ளவும் செய்து, கொடுத்தவரை வாசலில் நிறுத்தவும் செய்வதற்கு எந்தக் கலைக் கொள்கையும் எனக்குச் சமாதானம் சொல்லிவிட முடியாது.

துணி வெளுப்பவர், தேய்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையில் என்னென்ன காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் கூச்சம் நீ செய்தது அல்ல, உன் தலையில் மற்றவர்கள் ஏற்றியது. அதற்காக உன்னைத் திட்ட மாட்டேன். அதை உன் அப்பா தலைக்கு மாற்றிவிடப் பார்க்கிறாயே, அதற்குத்தான் திட்டுகிறேன்.

"யார் சார் வாங்குவாங்க?" என்று அவர் கேட்டதற்கு நீ இன்னும் குறுகிக்கொண்டிருக்கிறாய். அந்தக் கேள்வியில் என்ன தப்பு? சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கும் அதே கவலைதான். படித்து முடித்த பையன்கள் சோற்றுக்கு என்ன செய்வார்கள்? அவர்கள் கூடி, மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். இன்றைக்குக் கலை மாணவர்கள் அங்கே பஸ் வைத்துப் போய்ப் பார்க்கிறார்கள். உன் அப்பா கேட்டது பணிக்கர் கேட்ட கேள்வி என்று அன்றைக்கே உன் பேராசிரியருக்குப் புரிந்திருக்கும். உனக்குத்தான் புரியவில்லை.

அந்த எழும்பூர் பள்ளியே 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. கைத்தொழிலும் அங்கே பாடம். 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்து பார்க்க ஆரம்பித்தார். சட்டி பானை தட்டிய இடத்தில் இஸ்திரிக்காரர் நின்றால் என்ன குறைந்துவிடும்? அங்கே முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். மேல்சட்டை கிடையாது. அவர்களை யாரும் மூன்றாம் நாள் வரச் சொல்லவில்லை.

இந்த மாதிரி கண்காட்சிகளுக்கு நான் போகாத வருடம் குறைவு. பீடத்தில் அடித்த வெள்ளை பெயின்ட் காய்ந்திருக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். புரொஜெக்டர் சூடேறி ஒரு வீடியோ கட்டாயம் நின்றுபோகும். கழுத்தில் சுடுமண் மணிகளைக் கோத்துக்கொண்டு ஒரு பையன் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பான், அது நிகழ்த்துகலை. இதெல்லாம் எனக்குப் பிடிக்கும். புரியாததும் பிடிக்கும். ஒரு முறை ஓர் அம்மா வாசலில் குத்துவிளக்கையும் கோலத்தையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஹாலுக்குள் வந்தார். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு ஒவ்வொரு படைப்பின் முன்னாலும் நின்றார். மகன் ஓடிப்போய், "செருப்பைப் போடும்மா, இது கோயில் இல்ல" என்று பல்லைக் கடித்தான். அந்தப் பையனின் படைப்பு என்ன என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

இனி வேலையைப் பேசுவோம். உன் அப்பாவைப் பற்றி நீ பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. அதை நீ யோசிக்கவே இல்லை. இஸ்திரிக்காரருக்கு எது கெட்ட கனவு? வெள்ளை வேட்டியில் பழுப்பாக ஒரு பெட்டி அச்சு. வாடிக்கையாளர் துணி கருகினால் கைக்காசு போகும், பேரும் போகும். அதற்காகத்தான் முதலில் ஈரத்துணியில் வைத்துப் பார்க்கிறார், வாழையிலையில் அடியைத் தேய்க்கிறார், கரிப்பெட்டிக் காலத்தில் சாம்பல் பறந்து விழாமல் தட்டினார். ஆயுசு பூராவும் எந்தக் கறைக்குப் பயந்தாரோ, அந்தக் கறையை 12 வேட்டியில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறாய். முன்கூட்டிச் சொல்லாமல் அவரை அந்த ஹாலுக்குள் விட்டால், அவர் வயிறு கலங்கிவிடும். முதல் நாளானாலும் மூன்றாம் நாளானாலும் கலங்கும்.

அதனால் இன்றைக்கே போய்ச் சொல். வண்டிக்கே போ. அவர் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று சொல். என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று உன் கல்லூரி பாஷை கலக்காமல் சொல். அந்த மஞ்சளிலிருந்து பழுப்புக்கு நடுவே ஒரு நிறம் பிடிக்க நீ எத்தனை துணி வீணடித்தாயோ, அதை அவரிடம் கேட்டிருந்தால் முதல் துணியிலேயே பிடித்திருக்கலாம். பருத்தி எத்தனை நொடியில் மஞ்சளாகும், பாலியஸ்டர் கலந்தது எப்போது பிசுபிசுவென்று ஒட்டும் என்பதெல்லாம் அவருக்குக் கை சொல்லும். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஒரு வேட்டியை அவர் கையால் கருக்கித் தரச் சொல். முடியாது என்பார். கை வராது. வற்புறுத்தாதே. அவர் மறுத்தால் அந்த ஒரு வேட்டியை, மடிப்புக் கலையாமல் அவர் தேய்த்துத் தந்தபடி வெள்ளையாகவே மாட்டு. கலையில் உனக்குப் பாடம் சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனாலும் சொல்கிறேன்: மற்ற பதினொன்றும் அப்போதுதான் பேசும்.

படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுது. தலைப்பு உன் இஷ்டம். ஊடகம் என்ற வரியில், 'அப்பாவின் பித்தளை இஸ்திரிப்பெட்டி, கரி, பருத்தி வேட்டிகள், ஒலி' என்று எழுது. அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டுவிட்டு, சரி என்றால் பெயரையும் போடு. கேலரிக்காரர் யாராவது பெட்டியையும் சேர்த்து விலை கேட்டால், அது விற்பனைக்கு இல்லை, உடையவரிடம் கேளுங்கள் என்று கை காட்டு. உடையவர் அங்கே நிற்பார் அல்லவா, அதற்காகத்தான் முதல் நாள்.

அவர் சத்தமாகத்தான் பேசுவார். தெருமுனையில் வண்டி போடுபவர், பஸ் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். பேசட்டும். யார் வாங்குவார்கள் என்று மறுபடி கேட்டால் பதில் தயாராக வைத்துக்கொள், உனக்கும் அந்தப் பதில் தேவைப்படும்.

அப்புறம் அந்த ஸ்வீட் பாக்ஸ். 23 பிள்ளைகள், அவர்கள் வீட்டார், பேராசிரியர்கள், வாட்ச்மேன். ஒரு கிலோ காணாது என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு.