88 சதவீதத்துக்குள்ள யாரெல்லாம் உக்காந்திருக்காங்க?

அக்காவைக் கேளுங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்க அரிசோனா சாண்ட்லருக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. பையன் அஞ்சாவது படிக்கிறான். பக்கத்துல ஒரு சார்ட்டர் ஸ்கூல்ல ஆறாவதுக்கு குலுக்கல்ல அவன் பேரு விழுந்துருச்சு. அங்க கணக்குல 88 சதவீதம் பசங்க பாஸ் லெவல்ல இருக்காங்க, எங்க அட்ரஸுக்கு வர்ற டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்ல 58 தான். வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் கண்ண மூடிட்டு சேருங்கன்றாங்க. ஆனா அங்க படிக்கிற பசங்க விவரத்த பார்த்தா பாதிக்கு மேல ஏசியன், வசதி இல்லாத வீட்டுப் பசங்க எத்தனைன்னு போட வேண்டிய எடத்துல வெறும் நட்சத்திரக் குறி. வீட்டுக்காரர் "அதெல்லாம் நமக்கெதுக்கு, மார்க்க பாரு"ங்கறார். மார்க் மட்டும் பார்த்தா போதுமா?
- வாசகி, சாண்ட்லர்

பதில்: போதாதும்மா. அந்த நட்சத்திரத்த கவனிச்சீங்க பாருங்க, குரூப்ல யாரும் அத பார்த்திருக்க மாட்டாங்க.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக ஒரு வரி சொல்லிடறேன். சார்ட்டர் ஸ்கூல்னா அரசாங்கப் பணத்துல, ஃபீஸ் இல்லாம, ஆனா டிஸ்ட்ரிக்ட்டுக்கு (ஒரு பகுதியோட சாதாரண அரசுப் பள்ளிகள நடத்துற உள்ளூர் அமைப்பு) வெளிய தனி நிர்வாகம் நடத்துற பள்ளிக்கூடம். 1991ல மினசோட்டாவுல முதல் சட்டம் வந்துச்சு, 1994ல அரிசோனாவுல, இப்ப அமெரிக்கா முழுக்க சுமார் 37 லட்சம் பசங்க இதுல படிக்கிறாங்க.

சரி, உங்க 88க்கும் 58க்கும் வருவோம். ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. வீட்ல ரெண்டு பேரும் இன்ஜினியர், சாயங்காலம் கணக்கு கிளாஸ், சனிக்கிழமை இன்னொரு கிளாஸ்னு இருக்கற பசங்கள ஒரு பக்கம் வைங்க, எந்த ஸ்கூல்ல போட்டாலும் அவங்கள்ல 100க்கு 90 பேர் பாஸ்னு வச்சுக்கோங்க. அந்த வசதி இல்லாத பசங்க இன்னொரு பக்கம், அவங்கள்ல எங்க போட்டாலும் 100க்கு 50 பேர் பாஸ். இப்ப ஒரு ஸ்கூல்ல முதல் வகை 95 பேர், ரெண்டாவது வகை 5 பேர், கூட்டிப் பார்த்தா 88 சதவீதம் வரும். இன்னொரு ஸ்கூல்ல முதல் வகை 20 பேர், ரெண்டாவது வகை 80 பேர், கூட்டினா 58. ரெண்டு ஸ்கூலும் அச்சு அசல் ஒரே மாதிரிதான் சொல்லிக் குடுக்குது, ஆனா போர்டுல 30 சதவீதம் வித்தியாசம்! இது நானா போட்ட கணக்குதான், உங்க ரெண்டு ஸ்கூலும் இப்படித்தான்னு சொல்லல. ஆனா மொத்த சதவீதத்த மட்டும் வச்சு நல்ல ஸ்கூல் எதுன்னு கண்டுபுடிக்க முடியாதுங்கறதுக்கு இது போதும்.

அதனால நீங்க செய்ய வேண்டியது, உங்க பையன் மாதிரி பசங்க ரெண்டு ஸ்கூல்லயும் எப்படி பண்றாங்கன்னு பாக்கறது. அரிசோனா கல்வித்துறை ஏஏஎஸ்ஏ டெஸ்ட் ரிசல்ட்ட (3லேருந்து 8 வரைக்கும் எழுதுற பரீட்சை, 2022லேருந்து இருக்கு) ஒவ்வொரு குரூப்புக்கும் பிரிச்சே போடறாங்க. டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்ல ஏசியன் பசங்க மட்டும் எத்தனை சதவீதம்னு பாருங்க, அதுவும் 85 கிட்ட இருந்தா உங்க 30 சதவீத வித்தியாசம் அங்கயே காலி. அப்புறம் ஏ, பி, சின்னு ஸ்கூலுக்கு ஒரு கிரேடு குடுக்கறாங்கள்ல, எட்டாவது வரைக்குமான ஸ்கூலுக்கு அதுல பாதி மார்க் வளர்ச்சிக்கு, அதாவது போன வருஷம் இதே பையன் எங்க இருந்தான், இந்த வருஷம் எவ்ளோ ஏறியிருக்கான்னு பாக்கறது. பாஸ் சதவீதத்துக்கு 30 மார்க்தான். எல்லாரும் அந்த ஒரு எழுத்த பார்த்துட்டு போயிடறாங்க, நீங்க உள்ள போய் வளர்ச்சிக்கு எத்தனை மார்க்னு பாருங்க. என்னைக் கேட்டா ஸ்கூல் என்ன வேலை பாக்குதுன்னு சொல்றது அந்த ஒரு நம்பர்தான், மத்ததெல்லாம் பாதிக்கு மேல நாம வீட்ல பாக்கற வேலை.

இப்ப நட்சத்திரம். ரொம்ப கம்மி பேர் இருந்தா யாருன்னு தெரிஞ்சிடக் கூடாதுன்னு எண்ணிக்கைய மறைச்சுடுவாங்க, அது ஒரு காரணம். இன்னொண்ணும் இருக்கலாம், வசதி இல்லாத பசங்கள பெரும்பாலும் இலவச லஞ்ச் கணக்க வச்சுதான் எண்ணுவாங்க, அந்த திட்டத்துலயே ஒரு ஸ்கூல் சேரலைன்னா கணக்கே இருக்காது. ரெண்டுல எது உண்மைன்னாலும் விஷயம் ஒண்ணுதான், மதிய சாப்பாட்டுக்கு ஸ்கூல நம்பி இருக்கற குடும்பம் அங்க அதிகம் வரல. குலுக்கல் நேர்மையா நடக்கும், எழுதிப் போட்ட எல்லார் பேரும் டப்பாக்குள்ள போகும், ஆனா பெரும்பாலும் ஸ்கூல் பஸ் கிடையாது, காலைலயும் மூணு மணிக்கும் கார் எடுத்துட்டு வர ஒரு ஆள் வேணும், அப்படி ஒரு ஸ்கூல் இருக்குன்னே நம்ம மாதிரி வாட்ஸ்அப் குரூப் வழியாத்தான் தெரியும், அண்ணனோ அக்காவோ ஏற்கனவே அங்க படிச்சா தம்பிக்கு முன்னுரிமை வேற. வடிகட்டற வேலை டப்பாவுக்கு வெளியவே முடிஞ்சிடுது. ஸ்பெஷல் எஜுகேஷன் பசங்க (மாற்றுத்திறனோ கற்றல் குறைபாடோ இருக்கறவங்க) கணக்கையும் பாருங்க. அமெரிக்க நாடாளுமன்றத்தோட தணிக்கை அமைப்பு 2012ல ஒரு அறிக்கை போட்டுச்சு, சாதாரண அரசுப் பள்ளிகள்ல அந்தப் பசங்க 11 சதவீதம், சார்ட்டர்ல 8 சதவீதம்னு.

அடுத்தது யாரும் பாக்காத ஒண்ணு, நடுவுல போனவங்க. நம்ம ஊர்ல ஒன்பதாவதுலயே சுமாரா படிக்கிற பையன கூப்பிட்டு டி.சி. குடுத்துட்டு பத்தாவதுல நூறு சதவீத ரிசல்ட்னு பேனர் கட்டற ஸ்கூல் நமக்கு புதுசா என்ன? நியூயார்க்ல சக்சஸ் அகாடமின்னு பெரிய சார்ட்டர் குழுமம், 2006ல ஹார்லம்ல ஆரம்பிச்சது, அங்க மார்க் நிஜமாவே பிரமாதம், அதுவும் பெரும்பாலும் ஏழை கறுப்பின, ஹிஸ்பானிக் பசங்கள வச்சு, அத குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா முதல் வருஷம் ஒண்ணாவதுல இருந்த 73 பேர்ல 2018ல பட்டம் வாங்கினது 16 பேர்தான். அந்த வருஷங்கள்ல நாலாவதுக்கு மேல காலி எடத்துல புதுப் பசங்கள சேர்க்கல. மிச்ச பேர் வீடு மாறிருக்கலாம், ஒரு வருஷம் பின்னாடி நின்னுருக்கலாம், தாக்குப் பிடிக்க முடியாம போயிருக்கலாம், மார்க் லிஸ்ட்ல அவங்க யாரும் இல்ல.

உங்க ஊர் பக்கமே பேஸிஸ்ங்கற சார்ட்டர் குழுமத்தோட ஸ்கூல்கள் இருக்கு, 1998ல டூசான்ல ஆரம்பிச்சது. 2018ல யூ.எஸ். நியூஸ் பத்திரிகையோட ஸ்கூல் தரவரிசைப் பட்டியல்ல நாட்டுலயே முதல் அஞ்சு ஹைஸ்கூலும் அவங்களோடதுதான், அஞ்சும் அரிசோனா. அப்ப அந்தப் பட்டியல்ல பன்னெண்டாவது பசங்க எத்தனை பேர் ஏபி பரீட்சை (ஹைஸ்கூல்லயே எழுதற காலேஜ் லெவல் பரீட்சை) எழுதி பாஸ் பண்ணாங்கங்கறதுக்கு பெரிய வெயிட், பன்னெண்டாவது வரைக்கும் நின்னவன் மட்டும்தான் அந்தக் கணக்குல வருவான். படிப்பு மோசம்னு நான் சொல்லல, கடினமான பாடத்த ஆசையா படிக்கிற புள்ளைக்கு நல்ல எடம்தான். உங்க பையன் அந்த வகையாங்கறது உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு ஸ்கூல்ல நடுவுல எத்தனை பேர் போறாங்கன்னு கண்டுபுடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. கல்வித்துறை ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 1 அன்னிக்கு எந்த கிளாஸ்ல எத்தனை பேர்னு கணக்கு போடறாங்க. ஆறு வருஷம் முன்னாடி ஆறாவதுல எத்தனை பேர், இந்த வருஷம் பன்னெண்டாவதுல எத்தனை பேர், ரெண்டு நம்பர பக்கத்துல எழுதுங்க. பாதிக்கு கீழ இருந்தா ஸ்கூல்லயே நேரா கேளுங்க, போனவங்க எங்க போனாங்க, காலி எடத்த நிரப்பறீங்களா, வருஷக் கடைசி பரீட்சைல ஒரு பாடம் போனா அதே கிளாஸ்ல உக்காத்தி வைப்பீங்களா, போன வருஷம் எத்தனை டீச்சர் வேலைய விட்டாங்க. முகம் சுளிக்காம பதில் சொல்றாங்களான்னும் பாத்துக்கோங்க.

வீட்டுக்காரர்கிட்ட இந்த 95-5 கணக்க காட்டுங்க, இன்ஜினியர்னா ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடும். என் கருத்து என்னன்னா, வளர்ச்சி மார்க் ரெண்டு ஸ்கூல்லயும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா நடந்து போற தூரத்துல இருக்கறதுல போடுங்க. சார்ட்டர்ல அது நிஜமாவே அதிகம்னா சேர்த்துப் பாருங்க, நடுவுல ஒத்து வரலைன்னா வீட்டு அட்ரஸுக்கான டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல் எப்ப வேணா சேர்த்துக்கணும், அதனால பயப்பட ஒண்ணும் இல்ல.

கேள்வி: அம்மா, என் பேத்திக்கு அமெரிக்காவுல குலுக்கல் போட்டு பள்ளிக்கூடத்துல எடம் குடுத்திருக்காங்களாம். படிக்கிற புள்ளைய பரீட்சை வச்சு எடுக்காம இது என்னம்மா கூத்து?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருச்சி

பதில்: ஐயா, நம்ம ஊர்லயே கட்டாயக் கல்விச் சட்டத்துல தனியார் பள்ளி 25 சதவீத எடத்துக்கு கூட்டம் அதிகமானா குலுக்கல்தானே. அரசாங்கப் பணத்துல நடக்கற ஸ்கூல் நல்லா படிக்கிறவன மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாதுங்கறதுதான் காரணம். இதுல ஆராய்ச்சிக்காரங்களுக்கு ஒரு லாபமும் உண்டு, குலுக்கல்ல ஜெயிச்ச புள்ளையும் தோத்த புள்ளையும் ஒரே மாதிரி வீட்லேருந்து வந்தவங்க, ரெண்டு பேரும் பின்னாடி எப்படி படிக்கிறாங்கன்னு பார்த்தா ஸ்கூலோட உண்மையான பலன் தெரியும். பாஸ்டன்ல அப்படிப் பார்த்தப்ப சார்ட்டர் பசங்க கணக்குல நல்லாவே முன்னேறியிருந்தாங்க. எல்லா ஊர்லயும் அப்படி இல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோட க்ரீடோங்கற கல்வி ஆராய்ச்சி மையம் 2009ல பார்த்தப்ப கணக்குல 17 சதவீதம் சார்ட்டர்தான் பக்கத்து அரசுப் பள்ளிய விட மேல, 37 சதவீதம் கீழ. 2023ல அதே க்ரீடோ சராசரியா சார்ட்டர் கொஞ்சம் முன்னாடின்னு சொல்லுச்சு. பேத்தி ஸ்கூல் எந்தப் பக்கம்னு பேரப் பார்த்து சொல்ல முடியாதுங்க ஐயா.

கேள்வி: அக்கா, பொண்ணு நீச்சல் போட்டிக்கு தயாராகறா, ஆன்லைன் சார்ட்டர்ல போட்டா நேரம் மிச்சம்னு கோச் சொல்றார். போடலாமா?
- வாசகி, டெக்சாஸ்

பதில்: யோசிங்கம்மா. மேல சொன்ன 2023 அறிக்கைல சார்ட்டர்ல ரொம்ப பின்தங்கினது ஆன்லைன்தான், கணக்குல மட்டும் வருஷத்துக்கு 124 நாள் படிப்பு குறையற அளவுக்கு. தினமும் பக்கத்துல உக்காந்து பாக்க வீட்ல ஒரு பெரியவங்க இருந்தா மட்டும் பேசுங்க, இல்லைன்னா டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்லயே முதல் பீரியட விட்டுக் குடுக்க முடியுமான்னு கவுன்சிலர கேளுங்க.