சவுக்கு பழுத்துக் கொட்டினால் பைனஸ் நோயா?

கேள்வி: திருக்கோவிலில் எங்கள் வளவுக்கும் கடலுக்கும் இடையில், சுனாமிக்குப் பிறகு நட்ட சவுக்கு வரிசை ஒன்று நிற்கிறது. கச்சான் தொடங்கியதிலிருந்து ஊசியிலைகள் பழுப்பாகிக் கொட்டுகின்றன. கனடாவில் இருக்கும் மருமகன் படத்தைப் பார்த்துவிட்டு, “இங்கே பைனஸ் காடுகளை வளரவிடாமல் செய்யும் பங்கசு நோய் இதுதான், கொப்பர் மருந்து அடியுங்கள்” என்கிறார். அடிக்கலாமா?

பதில்: மருந்துக்கடைக்குப் போகவேண்டாம். மருமகன் சொல்லும் நோய் இருப்பது உண்மை. ஆனால் அது பைனஸ் இனத்தைப் பிடிக்கிற நோய், உங்கள் சவுக்குக்கு வருவதல்ல.

அவர் சொல்வது பெரும்பாலும் டோதிஸ்ட்ரோமா என்ற பங்கசாக இருக்கவேண்டும். மழைத்துளி தெறிக்கும்போது அதன் வித்திகள் பரவும். ஊசி நெடுநேரம் ஈரமாக இருந்தால் இலைவாய் (இலை மூச்சுவிடும் நுண்துளை) வழியாக உள்ளே நுழையும். ஊசியின் நடுவில் சிவந்த பட்டை ஒன்று விழும். அதற்கு மேலே நுனி காயும், அடிப்பாகம் கொஞ்சநாள் பச்சையாகவே இருக்கும். பிறகு முழு ஊசியும் உதிரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து வடமேற்கில் 1990களின் கடைசியிலிருந்து இது கடுமையானது. கோடையில் இளஞ்சூட்டோடு மழையும் கூடியதுதான் காரணம். அங்கே முதிர்ந்த மரங்களே பட்டுப்போயின.

அது விதிவிலக்கு. வழக்கமாக ஊசியிலை நோய் மரத்தைக் கொல்வதில்லை, வளர்ச்சியைத்தான் தின்னும். டக்ளஸ் ஃபர் மரத்துக்கு வரும் இன்னொரு பங்கசைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். அதன் கறுத்த சிறு காய்கள் ஊசியின் இலைவாய்களை நேராகவே அடைத்துவிடுகின்றன. காற்று உள்ளே போகாது, மாப்பொருள் ஆக்கம் நின்றுபோகும். ஏறத்தாழ பாதி வாய் அடைபட்டதும் மரம் அந்த ஊசியை உதறிவிடும். மூன்று நான்கு வருடம் உழைக்கவேண்டிய ஊசி ஒரு வருடத்தோடு போய்விடுகிறது. கையில் காசு குறைந்த வீட்டில் அடுப்பு எரியும், மேல்மாடிக் கட்டடவேலைதான் நிற்கும். மரமும் அப்படித்தான்: இருக்கிற உணவைப் புதுத்தளிருக்கும் வேருக்கும் கொடுத்துவிட்டு, தண்டு பருப்பதைக் குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கரையோரத்து இளந்தோப்புகளில் 1996இல் மரக்கனவளவின் வளர்ச்சி சராசரியாக 23 சதவீதமும், மோசமான இடங்களில் 52 சதவீதமும் குறைந்ததாகக் கணித்தார்கள்.

கொப்பர் மருந்துக்கும் இதில் இடமுண்டு. நியூசிலாந்தில் 1964இல் டோதிஸ்ட்ரோமா கண்டுபிடிக்கப்பட்டபின் விமானத்திலிருந்தே தெளிக்கத் தொடங்கினார்கள். அங்கேயும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கீழ்க்கிளை ஊசிகள் நிழலில் நிற்பவை, அவற்றின் உழைப்புக் குறைவு. அதனால் கொஞ்சம் உதிர்ந்தால் பெரிய நட்டமில்லை. இலைப்பரப்பில் கால்வாசி வரை பாதிப்பு ஏறினால்தான் தெளிப்பைப் பற்றி யோசிப்பார்கள். அந்த மருந்தும் நல்ல ஊசியைக் காக்கும், நோய்பிடித்ததைக் குணமாக்காது.

இனி உங்கள் மரத்துக்கு வருவோம். சவுக்கு பார்வைக்குத்தான் பைனஸ் மாதிரி. அது பூக்கும் தாவரம். ஒரு ‘ஊசியை’ பிடுங்கி இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழன்றுவரும். அது மெல்லிய பச்சைக் கிளை. ஒவ்வொரு கணுவிலும் ஏழெட்டுப் பல் வட்டமாக இருக்கிறதே, அவைதான் இலைகள். (மூக்குக்கண்ணாடி போட்டுத்தான் தெரியும்.) வரட்சிக்கு இந்தப் பச்சைக் கிளைகளைக் கொட்டிவிட்டுச் சமாளிப்பது சவுக்கின் இயல்பு.

ஆகவே எங்கே பழுக்கிறது என்பதைப் பாருங்கள். உள்பக்கத்துப் பழையவை மட்டும் கொட்டி, நுனிகள் பச்சையாக நின்றால் அது கச்சான் காற்றின் வேலை. மாரி தொடங்கத் தெளிந்துவிடும். வாடைக்காலப் புயலுக்குப் பிறகு கடல்பக்கம் மட்டும் கருகினால் உப்புத்தூவானம். இரண்டுக்கும் மருந்தில்லை, தேவையுமில்லை.

நான் பயப்படுவது பட்டையைத்தான். இந்தியக் கரையோரச் சவுக்குத் தோப்புகளைக் கெடுத்த கொப்புளப்பட்டை நோய் ஒன்று உண்டு, அதுவும் பங்கசுதான். மேலே இலை வாடும்போதே அடித்தண்டில் பட்டை கொப்புளம்போல் உப்பி வெடிக்கும். விரலால் தேய்த்தால் கறுத்த மா ஒட்டும். அதைக் கண்டால் அந்த மரம் தப்பாது, பக்கத்து மரத்தைத்தான் காப்பாற்றலாம். வேர்கள் தொடுவதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவில் கிடங்குபோல் வெட்டிப் பிரித்துவிடுங்கள். மரத்தைத் தறிக்குமுன் கிராம சேவகரிடம் சொல்லுங்கள். கரையோர மரத்தைக் கேட்காமல் தறித்தால் வில்லங்கம் வரும். தறித்ததை அங்கேயே எரித்துவிடுங்கள், விறகுக்கென்று வளவுக்குள் அடுக்கவேண்டாம்.

கொப்புளமே இல்லாமல் முழுமரமும் சடுதியாக வாடினால் பக்டீரியா வாடலாக இருக்கலாம். கத்தரியையும் தக்காளியையும் வாட்டுகிற அதே கிருமி. வாடிய மரத்தின் அடியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர்ப் போத்தலில் தொங்கவிட்டுப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல நூல் இறங்கினால் விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடுங்கள்.

இந்த நோய்களுக்கு வாசல் திறப்பது பெரும்பாலும் நாங்கள்தான். வள்ளக் கயிறு கட்டி உரசவிடுவது, ஆணி அறைவது, சருகுக்குத் தீ வைத்து அடிப்பட்டையைப் பொசுக்குவது என்று ஒவ்வொன்றும் ஒரு காயம். நத்தாருக்குக் கிளை முறிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் மாரி ஈரத்தில். வேண்டுமென்றால் வாளால் சுத்தமாக அறுங்கள், இழுத்துக் கிழிக்கவேண்டாம்.

வளருமா என்றும் யோசிப்பீர்கள். நெஞ்சளவு உயரத்தில் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு, தையல் நாடாவால் சுற்றளவை எழுதி வையுங்கள். அடுத்த வருடம் இதே மாதத்தில் அதே கோட்டில் திரும்ப அளவுங்கள். சுற்றளவு கூடியிருந்தால், எவ்வளவு கொட்டினாலும் மரம் வளர்கிறது. பட்டுப்போன மரம் நின்ற இடத்தில் மறுபடி சவுக்கு நடவேண்டாம்; புன்னை, பூவரசு, தாழை என்று மாற்றி நடுங்கள்.